வாயிலும் காவலும்: இணையவழி வகுப்புக் குழுக்கள்

நம் முன்னோர் கட்டிய இல்லங்களில் திண்ணை, நடை, கூடம், அடுக்களை என்னும் முறைவைப்பு இருந்தது. வழிப்போக்கரும் திண்ணையில் இளைப்பாறலாம்; கூடத்திற்குள் வர அழைப்பு வேண்டும்; அடுக்களையோ வீட்டாருக்கே உரியது. பிறர் இல்லத்துள் ஸலாம் உரைத்து, இசைவு பெற்ற பின்னரே நுழைதல் வேண்டும் என்பது திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் கற்பிக்கும் ஒழுக்கமாகும். இவ்வொழுக்கம் மாணவரும் ஆசிரியரும் கூடும் இணையவழி வகுப்புக் குழுவிற்கும் பொருந்தும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2020 மார்ச்சில் கல்விக்கூடங்கள் மூடப்பட்டபோது வகுப்பறை கைப்பேசிக்குள் குடிபுகுந்தது. எல்லாரையும் விரைந்து சேர்த்துவிட வேண்டும் என்பதே அன்றைய கவலை. யார் சேர்ந்தார், எதைக் காண்கிறார் என ஆராய நேரமில்லை. ஜூம் வகுப்புகளில் அழையாதார் புகுந்து தொல்லை விளைத்தமையால், அந்நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரலில் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் பயனாளர் பலருக்கு இயல்பான அமைப்பாகவே ஆக்கியது.

உறுப்பினராதல் வேறு, நுழைவுரிமை வேறு. உள்ளே வரத்தக்கவர் யார் என்பது முன்னது. வந்தவர் எதைக் காணலாம், எதைச் செய்யலாம் என்பது பின்னது. 2002இல் வெளிவந்த மூடுல் என்னும் கற்பித்தல் மென்பொருள் மேலாளர், ஆசிரியர், மாணவர், விருந்தினர் எனப் படிநிலை வகுத்து, ஒவ்வொருவர்க்கும் உரியதை வரையறுக்கிறது. கூகுள் கிளாஸ்ரூமில் சேர்க்கை முடிந்ததும் வகுப்புக் குறியீட்டை முடக்கிவிடலாம். பெற்றோர் தம் பிள்ளையின் பணிகள் பற்றிய சுருக்கத்தை மின்னஞ்சலில் பெறலாமேயன்றி வகுப்பினுள் நுழைவதில்லை. நாம் மிகுதியும் கையாளும் வாட்ஸ்அப் குழுவிலோ பொறுப்பாளர், உறுப்பினர் என இரண்டே நிலைகள். பொதுவாக ஒருவர் எண்ணை மற்றனைவரும் காண்பர். திண்ணையும் அடுக்களையும் ஒன்றாகிவிட்ட வீடு அது எனலாம்.

இதன் விளைவை நான் பட்டே அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், என் பொறுப்பிலிருந்த குழுவிலிருந்து முன்பின் அறியாத ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பினார். படிப்பை முடித்த மாணவி ஒருவர் கைவிட்ட எண், உரிய இடைவெளிக்குப் பின் அவருக்கு விற்கப்பட்டிருந்தது. தாம் யாருடைய குழுவில் இருக்கிறோம் என்று கேட்டு, வெளியேறவும் இசைவு வேண்டினார் அந்நல்லவர். அவர் உள்ளேயிருந்த நாட்களில், உதவித்தொகைக்காக மாணவி ஒருவர் தம் தந்தையின் வருமானச் சான்றிதழைக் குழுவிலேயே பதிந்திருந்தார். அவர் நல்லவராக வாய்த்தது இறையருள். படிப்பு முடிந்தவர் எண்ணை நீக்காதது என் பிழை.

வாயிலைக் காப்பது போலவே, வர வேண்டியவரைத் தடுக்காமையும் கடமையாகும். கட்டணம் செலுத்தவில்லை என்பதற்காக எந்த மாணவரையும் இணையவழி வகுப்பிலிருந்தோ நேரடி வகுப்பிலிருந்தோ விலக்கலாகாது என, ராஜஸ்தான் தனியார் பள்ளிகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 மே 3 அன்று ஆணையிட்டது. ஆணை அவ்வழக்கிற்குரியதாயினும் அதன் அறம் எல்லார்க்கும் உரியது. அண்ணனின் கைப்பேசியை இரவில் மட்டும் பெறும் மாணவிக்கு, காலையில் குழுவில் இட்ட அறிவிப்பு கிட்டாத அறிவிப்பே. ஆதலின் குழுவில் இடுவதை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுதல் வேண்டும்.

சட்டமும் இதில் கருத்துச் செலுத்தியுள்ளது. 2023இல் இயற்றப்பட்ட எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தையெனக் கொண்டு, அவர்தம் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவைப் பொதுவிதியாக்குகிறது. கல்லூரி முதலாண்டில் சேர்வோருள் 17 வயதினரும் உளர் என்பதை நாம் மறத்தலாகாது.

செய்யத்தக்கவை சிலவே. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் உறுப்பினர் பட்டியலை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுக. ஆண்டு முடிந்ததும் பழைய குழுவைக் கலைத்துப் புதியது தொடங்குக. பொறுப்பாளராக இரண்டு ஆசிரியர்களேனும் இருக்கட்டும். ஒருவர் மாறுதலாகிச் சென்றால் குழு காவலின்றி நில்லாது. பொறுப்பாளர் இசைவுக்குப் பின்னரே புதியவரைச் சேர்க்கும் வசதியைப் பயன்படுத்துக. சான்றிதழ்களையும் மதிப்பெண்களையும் குழுவில் இடாது தனியே பெறுக. எவரையேனும் நீக்க நேரின் காரணத்தை அவரிடம் முன்னரே கூறுக.

பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர் அவர்தம் பெயரையும் எண்ணையும் சேர்த்தே நம்மிடம் ஒப்படைக்கின்றனர். அவை அமானிதம். வாயிலைத் திறக்கும் உரிமை பெற்றவர், அதனை உரிய நேரத்தில் சாத்தும் கடமையும் உடையவர் ஆவார்.