பரிசுப் பெட்டிக்குள் எந்தப் பிளாஸ்டிக்?

ஒப்பனைப் பொருள்களைத் தொகுத்துப் பரிசாக விற்கும்போது வாங்குபவரின் கண் முதலில் பெட்டியின் பொலிவில்தான் படிகிறது என்றாலும், அதனுள் அடுக்கப்படும் குப்பியும் டப்பாவும் எந்தப் பிளாஸ்டிக்கில் அமைய வேண்டும் என்பதை முடிவு செய்வது அவற்றில் நிரப்பப்படும் கிரீமும் எண்ணெயும் நறுமணத் திரவமுமே ஆகும். அன்றாடத் தேவைக்கு வாங்கப்படும் ஷாம்பு சில வாரங்களில் தீர்ந்துவிடும்; பரிசுப் பொருளோ பண்டிகைக்குப் பல வாரங்கள் முன்பே நிரப்பப்பட்டு, கிடங்கிலும் கடையிலும் காத்திருந்து, பெற்றவரின் அலமாரியில் பிரிக்கப்படாமல் கிடந்து, சில வேளைகளில் அப்படியே மற்றொருவருக்குப் பரிசாகக் கைமாறுவதும் உண்டு. உள்ளிருக்கும் பொருளுக்கும் கலத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், அது வெளிப்படுவதற்கு இத்தனை மாதங்கள் தாராளமாகப் போதும்.

பிளாஸ்டிக் என்ற ஒரே சொல்லால் குறிக்கப்பட்டாலும், பாலிமர் எனப்படும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன இப்பொருள்கள் தம்முள் பெரிதும் வேறுபட்டவை. ஷாம்பு, தேங்காய் எண்ணெய் போன்றவற்றை ஏந்தும் ஒளிபுகாக் குப்பிகளில் மிகுதியும் பயன்படும் அடர் பாலிஎதிலீன், நீராவியை எளிதில் கடத்தாது, கீழே விழுந்தாலும் சட்டென உடையாது, விலையும் குறைவு. எனினும் ஆக்சிஜனும் நறுமண எண்ணெய்களும் அதன் சுவரில் மெல்ல ஊடுருவிச் செல்லும் என்பதால், வாசனையையே முதன்மையாகக் கொண்ட பொருளுக்கு அது ஏற்றதன்று; நறுமண மூலக்கூறுகளைச் சுவர் உறிஞ்சுவதால் மணம் மங்குவதோடு, குப்பியின் பக்கங்கள் உட்குழிந்து போவதும் உண்டு.

குடிநீர்க் குப்பிகளால் எல்லோருக்கும் அறிமுகமான பெட், அதாவது பாலிஎதிலீன் டெரிஃப்தாலேட், இதற்கு நேர்மாறான இயல்புடையது. 1941-இல் பிரிட்டனைச் சேர்ந்த வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் வேதியியலாளர்கள் இழை தயாரிக்கும் பொருளாக இதற்குக் காப்புரிமை கோரினர். குப்பியாக ஊதி வார்க்கும் முறைக்கு 1973-இல் அமெரிக்காவின் நத்தானியல் வைத் காப்புரிமை பெற்றார். கண்ணாடி போன்ற தெளிவும், மணத்தையும் ஆக்சிஜனையும் ஓரளவு தடுத்து நிறுத்தும் திறனும், ஆல்கஹால் கலந்த வாசனைத் திரவங்களைத் தாங்கும் வலிமையும் இருப்பதால், பரிசுத் தொகுப்பின் உடல் வாசனைத் தெளிப்பான்களுக்கு இது பொருந்தும். ஆனால் வலுவான காரம் இதன் சங்கிலிகளைத் துண்டிக்கும் என்பதால், காரத்தன்மை மிகுந்த முடி நீக்கும் கிரீமை இதில் அடைக்கக் கூடாது; ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேல் இது இளகத் தொடங்குவதால், சூடாக நிரப்ப வேண்டிய தைலங்களுக்கும் உதவாது. அத்தகையவற்றுக்கு, 160 பாகையை ஒட்டிய வெப்பத்தில்தான் உருகும் பாலிபுரோப்பிலீன் கைகொடுக்கிறது. ஆயிரம் முறை மடக்கித் திறந்தாலும் எளிதில் முறியாத கீல் மூடிகளும் இதனாலேயே செய்யப்படுகின்றன.

பரிசுப் பெட்டிகளின் அரசன் எனத் தக்கது அக்ரிலிக் டப்பா. கனத்த பளிங்கைப் போல ஒளிரும் அதன் சுவர் விலை உயர்ந்த பொருள் என்ற எண்ணத்தை உடனே உண்டாக்குகிறது. ஆனால் ஆல்கஹாலும் சில நறுமண எண்ணெய்களும் படும்போது அக்ரிலிக்கில் நுண் விரிசல்கள் தோன்றும். அச்சில் வார்க்கப்பட்டுக் குளிரும் வேளையில் மூலக்கூறுச் சங்கிலிகள் இழுவிசையோடு உறைந்துவிடுகின்றன. திரவம் அவற்றின் இடையே புகுந்து பிணைப்பைத் தளர்த்தும்போது, மூடியைத் திருகும் கழுத்து போன்ற அழுத்தம் மிகுந்த இடங்களில் கீறல்கள் கிளம்புகின்றன. அழுத்தவிசை விரிசல் எனப்படும் இந்தக் குறை வார்த்த அன்று தென்படுவதில்லை, வாரங்களோ மாதங்களோ கழிந்த பின்னரே கண்ணில் படுகிறது. இதனாலேயே வெளியே அக்ரிலிக்கும் உள்ளே பாலிபுரோப்பிலீன் கிண்ணமுமாக இரட்டைச் சுவர் டப்பாக்கள் செய்யப்படுகின்றன. இரண்டு சுவர்களுக்கும் இடையிலான வெற்றிடம், 50 கிராம் கிரீமை அதைவிடப் பெரிய அளவாகக் காட்டுவதும் விற்பனையாளருக்கு வெறுப்பான விளைவன்று.

மலிவான தெளிவுக்காகத் தேர்ந்தெடுக்கப்படும் பாலிஸ்டைரீன் இவ்வகையில் இன்னும் பலவீனமானது. எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் தோல் எண்ணெயில் உள்ள லிமோனீன் அதைக் கரைத்தே விடும் என்பதால், உலர்ந்த குங்குமத்துக்குத் தாம்பூலப் பையில் வைத்துத் தரும் சிறு டப்பாவாக அது பொருந்தினாலும், அதே டப்பாவில் நறுமணத் தைலத்தை அடைப்பது பிழை. நகப் பூச்சில் உள்ள எதில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் ஆகிய கரைப்பான்கள் பாலிஸ்டைரீனையும் அக்ரிலிக்கையும் ஒருங்கே சிதைக்கும். எனவேதான் பெட்டியிலுள்ள மற்றவை அனைத்தும் பிளாஸ்டிக்காக இருந்தாலும் நகப் பூச்சு மட்டும் கண்ணாடிக் குப்பியில் வருகிறது.

உதட்டுச் சாயக் கூடுகளிலும் மூடிகளிலும் மின்னும் பொன்னிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்னும் உறுதியான பிளாஸ்டிக்கின்மேல் ஏற்றிய உலோகப் பூச்சாகவோ, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியத்தின்மேல் பூசிய மஞ்சள் வார்னிஷாகவோ இருக்கும். அழகு கூடும் அளவுக்கு மறுசுழற்சி கடினமாகிறது. உலோகமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய துண்டைப் பிரிப்பது எவருக்கும் கட்டுப்படியாவதில்லை. கரித்தூள் கலந்த கறுப்பு டப்பாவுக்கும் இதே நிலைதான். பிளாஸ்டிக் வகைகளை அகச்சிவப்பு ஒளியால் இனங்காணும் பிரிப்பு எந்திரங்கள் அந்த நிறத்தின் முன் குருடாகிவிடுகின்றன.

எந்தக் கலத்தைத் தேர்ந்தாலும், அதில் உண்மையான பொருளையே நிரப்பி 40 பாகை வெப்பத்திலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் மூன்று மாதம் வைத்து, எடை இழப்பு, நிற மாற்றம், மணம், கசிவு, விரிசல் ஆகியவற்றைப் பார்க்கும் சோதனையைத் தவிர்ப்பது அறிவுடைமையன்று. சித்திரை வெயிலில் நிற்கும் சரக்கு வண்டிக்குள் வெப்பம் இதையும் தாண்டும்.

வெளி உறையைப் பொறுத்தவரை இந்தியச் சட்டம் பாதி வழியில் நிற்கிறது. 2022 ஜூலை 1 முதல் இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பெட்டி ஆகியவற்றைச் சுற்றும் பிளாஸ்டிக் படலம் தடை செய்யப்பட்டது; ஒப்பனைப் பரிசுப் பெட்டியைச் சுற்றும் அதே படலத்தை அந்தப் பட்டியல் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. தென் கொரியாவிலோ பரிசுத் தொகுப்பின் வெற்றிடம் 25 விழுக்காட்டுக்கும் உறைகள் இரண்டு அடுக்குக்கும் மிகாமல் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2025-ஆம் ஆண்டு விதிகள், பொருளின் அளவைப் பெரிதாகக் காட்டுவதற்கென்றே அமைந்த இரட்டைச் சுவர்களையும் போலி அடித்தட்டுகளையும் 2030 முதல் விலக்குகின்றன. இதன் எதிரொலியாக, தடித்த ஒற்றைச் சுவர் பெட் டப்பாக்கள் அக்ரிலிக்கின் இடத்தை நாடி வருகின்றன. இரட்டைச் சுவரைக் கைவிட மனமில்லாத நிறுவனங்கள், உள் கிண்ணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் மறுநிரப்பு டப்பாக்களை விற்கின்றன. அதற்கான மாற்றுக் கிண்ணம் பரிசு பெற்றவரின் ஊர்க் கடையில் கிடைக்காவிட்டால், அதுவும் மற்றுமொரு கனத்த டப்பாவே.