மின்சாரம் போனாலும் மறக்காத கீபோர்டு

பொங்கல் விழா மேடையில் திடீரென்று கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்ததும் பார்த்தால், நாங்களே பதிவு செய்து ஏற்றிய நாதஸ்வர ஒலி கீபோர்டில் இல்லை!

ஒலியும் பல தடப் பதிவும் ஒரே பெட்டியில் அடங்கியதே ஒர்க்ஸ்டேஷன். 1988இல் வந்த கோர்க் எம்1இல் ஒரே சமயத்தில் 16 குரல்கள்தான். ஒலி நினைவகம் 4 மெகாபைட். பின்னர் வந்த பலவற்றில் நாமே ஒலிகளை ஏற்றலாம். ஆனால் அவை தங்குவது தற்காலிக நினைவகத்தில். மின்சாரம் நின்றால் அழிந்துவிடும்.

2010இல் வந்த யமஹா மோட்டிஃப் எக்ஸ்எஃப்பில் 128 குரல்கள். தனியே வாங்கிப் பொருத்தும் ஃபிளாஷ் அட்டையில் ஏற்றிய ஒலி அழிவதில்லை. மறுபடி ஏற்றக் காத்திருக்கவும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வாங்கும் பெற்றோர்களே, “எத்தனை ஒலி இருக்கு?” என்பதோடு, “கரண்ட் போனா ஏத்தினது நிக்குமா?” என்றும் கடையில் கேளுங்கள். கமகம் மட்டும் எந்த அட்டையிலும் வராது; அது கைப்பழக்கம்.