போர்முனையில் பிறந்த நகைச்சுவை

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் நிலமட்டத்திலிருந்து மூவாயிரம் மீட்டருக்கும் கீழே சென்றது. பாறை எந்நேரமும் வெடித்துச் சரியலாம் என்பதை அறிந்தே, தமிழகத்திலிருந்து குடியேறிய நம்மவர் தலைமுறை தலைமுறையாக அங்கே பொன் எடுத்து வந்தனர். 2001ஆம் ஆண்டில் கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆபத்தான தொழிலில் ஈடுபடுவோர் ஒருவரையொருவர் கேலி செய்து சிரித்துக்கொள்வது ஏன் என்பதை அவ்வூராருக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. அச்சத்தைத் தாங்க உதவும் துணை, சிரிப்பு. போர்க்களத்திலும் இதுவே இயல்பு. போர்க்கால இராணுவ வாழ்வைச் சித்திரிக்கும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள் இவ்வியல்பையே அடிப்படையாகக் கொண்டவை.

இவற்றுள் பெரும்புகழ் பெற்றது 'மாஷ்' என்னும் அமெரிக்கத் தொடர். கொரியப் போர் 1950 முதல் 1953 வரை மூன்றாண்டுகளே நடந்தது. அதைப்பற்றிய இத்தொடரோ 1972 முதல் 1983 வரை பதினோராண்டுகள் நடந்தது. போர்முனைக்கு அருகே கூடாரங்களில் இயங்கும் அறுவை மருத்துவமனையே கதைக்களம். அப்போரில் பணியாற்றிய மருத்துவர் ஒருவரின் நாவல் இதற்கு மூலமாயிற்று. இத்தொடரின் மருத்துவர்கள் பொருளற்ற கட்டளைகளை எள்ளி நகையாடுவர். காயமுற்றவனின் வேதனையை நகையாடார். அந்நாளில் இத்தகைய தொடர்களில் பதிவு செய்த சிரிப்பொலியை இடையிடையே சேர்ப்பது வழக்கம். தயாரிப்பாளர்கள் வாதாடி ஒரு விலக்குப் பெற்றனர். அறுவை அறைக் காட்சிகளில் அவ்வொலி சேர்க்கப்படவில்லை. சிரிப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அந்த மௌனம் உணர்த்திற்று.

மற்றொரு தொடர் நம் நாட்டிலேயே நிகழ்வது. 'இட் எய்ன்ட் ஹாப் ஹாட் மம்' என்னும் அதனை பி.பி.சி. 1974 முதல் 1981 வரை ஒளிபரப்பிற்று. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் மகாராஷ்டிரத்துத் தேவ்லாலி முகாமில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் கலைக்குழுவைப் பற்றிய கதை அது. எழுதிய இருவருள் ஒருவரான ஜிம்மி பெர்ரி, அம்முகாமில் பணிபுரிந்தவர். ஆனால் அதில் இந்தியர் தோன்றுவது பெரும்பாலும் பணியாட்களாகவே. ரங்கி ராம் என்னும் முக்கிய இந்தியப் பாத்திரத்தை ஏற்றவரோ, முகத்தில் மை பூசிக்கொண்ட ஆங்கில நடிகர் மைக்கேல் பேட்ஸ்.

ஒருவர் தம் அனுபவத்தைக் கதையாக்கும்போது அதில் தாமே நாயகராவது இயற்கை. அதைக் குறை கூறிப் பயனில்லை. நம்மவர் கதை நம்மவரால் சொல்லப்பட்டதா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

'மாஷ்' காட்டும் அதே கொரியப் போரில் இந்திய இராணுவத்தின் 60ஆவது பாரசூட் கள மருத்துவ அணியும் பணியாற்றியது. ஆற்காட்டைத் தம் பெயரில் தாங்கிய லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் அதன் தலைவர். 1950 டிசம்பரில் ஐ.நா. படைகள் பியோங்யாங்கிலிருந்து பின்வாங்கியபோது, மருத்துவப் பொருள்களைக் கைவிட வேண்டிய நிலை இவ்வணிக்கு நேர்ந்தது. அவர்கள் பழைய நீராவி இரயில் எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்தனர். பெட்டிகளில் பொருள்களை ஏற்றித் தாமே ஓட்டிச் சென்றனர். ஆற்றுப் பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்னரே அதைக் கடந்தும் விட்டனர்! மருத்துவர்கள் இரயில் ஓட்டிய இந்நிகழ்ச்சியைவிடச் சுவையான கதையை எந்த நகைச்சுவை ஆசிரியரால் புனைய முடியும்? 1951 மார்ச்சில் இவ்வணியினர் சிலர், ரங்கராஜ் உட்பட, அமெரிக்கப் படையினருடன் முன்சான்னியில் பாரசூட் மூலம் குதித்துக் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தனர். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

கொரியப் போர் என்றதும் உலகம் நினைப்பது 'மாஷ்' தொடரின் மருத்துவர்களை, ரங்கராஜை அன்று. எழுதப்பட்ட கதை நின்றது; எழுதப்படாதது மறைந்தது. சுரங்கத்திலும் பாசறையிலும் உழைத்தவர்கள் இன்றும் பல இல்லங்களில் உள்ளனர். அவர்கள் சிரித்துச் சொல்லும் கதைகளைக் கேட்டு, அவர்கள் சொன்னபடியே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது நம்மால் இயலாத காரியமன்று.