டையோடுன்னா என்ன அர்த்தம்ணா?

போன செமஸ்டர்ல என்.எஸ்.எஸ். சார்பா பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்குப் போயிருந்தோம். ப்ளஸ் டூ பசங்களுக்கு டையோடு எப்படி வேலை செய்யுதுன்னு போர்டுல படம் போட்டு விளக்கினேன். முடிச்சதும் ஒரு பொண்ணு எழுந்து, "அண்ணா, டையோடுங்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம்ணா?"ன்னு கேட்டா. நாலு வருஷமா ஈ.சி.இ. படிக்கிறேன். பதில் தெரியல. "அது பேரும்மா, அவ்ளோதான்"னு சமாளிச்சுட்டு வந்துட்டேன். ஆனா மனசு கேக்கல. ரூமுக்கு வந்ததும் தேட ஆரம்பிச்சேன்.

கிரேக்க மொழியில் "டை" என்றால் இரண்டு. "ஓடு" என்பது "ஹோடோஸ்", அதாவது பாதை. 1919-இல் வில்லியம் எக்கிள்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் இந்தப் பெயரை வைத்தார். அப்போது டையோடு என்பது இரண்டு மின்முனைகள் கொண்ட வெற்றிடக் குழாய். மூணு முனை இருந்தா ட்ரையோடு. கார்பன் டை ஆக்சைடுல ரெண்டு ஆக்சிஜன் அணு இருக்கறதும் இதே கணக்குதான்.

லத்தீனில் இரண்டுக்கு "பை". பைபோலார் ட்ரான்சிஸ்டர்ல எலக்ட்ரான், ஹோல் ரெண்டும் சேர்ந்து மின்னோட்டத்தைக் கொண்டு போகும், அதான் "பை". "பைனரி டிஜிட்" சுருங்கித்தான் "பிட்" ஆச்சு. அப்படிச் சுருக்கியவர் ஜான் டுகி. 1948-இல் ஷானன் தன் புகழ்பெற்ற கட்டுரையில் அதைப் பயன்படுத்தினார்.

கிரேக்கச் சொல்லுக்கு "டை", லத்தீன் சொல்லுக்கு "பை" என்பதுதான் பொதுவான வழக்கம். அதையும் மீறின ஆள் நம்ம பைசைக்கிள்: முன்பாதி லத்தீன், பின்பாதி கிரேக்கம்!

ஒரு எச்சரிக்கை. "டயலாக்"னா ரெண்டு பேர் பேசறதுன்னு நினைச்சிருந்தேன். தப்பு. அது "டயா", ஊடாக என்று பொருள். பயாலஜியில இருக்கறதும் ரெண்டு இல்ல, "பயோஸ்", உயிர்.

சரி, தமிழ்ல? எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்ச எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். நம்மகிட்டயும் ரெண்டு முன்னொட்டு இருக்கு: "இரு", "ஈர்". ஆனா எந்த மொழியில இருந்து வந்த சொல்னு பார்க்க வேண்டாம். அடுத்து வர்ற எழுத்தைப் பார்த்தா போதும். மெய்யோ உயிர்மெய்யோ வந்தால் "இரு": இருமுனை, இருவழி. உயிரெழுத்து வந்தால் "ஈர்": ஈராண்டு, ஈரடுக்கு, ஈருருளி. ஒரு வீடு, ஓர் ஊர் மாதிரியேதான்.

"ஈரேழு பதினாலு லோகத்துலயும் தேடினாலும் கிடைக்காது"ன்னு எங்க பாட்டி அடிக்கடி சொல்வாங்க. ஈரேழுன்னா 2 × 7 = 14. இத்தனை வருஷமா காதுல விழுந்தும் அது பெருக்கல்னு எனக்கு உறைக்கவே இல்ல.

மறு வாரம் அதே பள்ளிக்குப் போய் அந்தப் பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கவனமா கேட்டுட்டு, "சரிண்ணா, அப்போ ட்ரான்சிஸ்டர்னா?"ன்னு கேட்டா. இந்தத் தடவை சமாளிக்கல. "தெரியலம்மா, தேடிட்டு வர்றேன்"னு சொல்லிட்டு வந்திருக்கேன்.