அப்பாவுக்குக் கீழ்த்தாடை இம்ப்ளான்ட்: உள்ளே இருக்கிற சட்டம் டைட்டானியமா, ஜிர்கோனியாவா?

கீழ்த்தாடையில எல்லா பல்லும் போயிட்ட அப்பா அம்மாவுக்கு நாலஞ்சு இம்ப்ளான்ட் வச்சு நிரந்தர செட் போடலாம்னு டாக்டர் சொல்றார். அம்பத்தூர்ல ஒரு ரேட், ஆவடியில இன்னொண்ணு. பர்சனல் லோனுக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி, இம்ப்ளான்ட்டுகளை இணைக்கிற உள்சட்டம் எதுல செய்றாங்கன்னு கொட்டேஷன்ல பாருங்க. ரேட் மாறுறதுக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

கீழ்த்தாடைக்கு ஒரு குணம் உண்டு. வாயை அகலமாத் திறந்தா எலும்போட ரெண்டு பக்கமும் லேசா உள்ளே வளையும். இந்தக் கடைவாய்ல இருந்து அந்தக் கடைவாய் வரைக்கும் ஒரே சட்டம் போட்டா, அந்த வளைவோட சுமை ஸ்க்ரூ மேலயும் இம்ப்ளான்ட் மேலயும் விழும். சட்டம் துல்லியமா உட்காரலைன்னா இன்னும் மோசம்.

கோபால்ட் குரோம் பழைய ஆள். விலை குறைவு, ரொம்ப விறைப்பு, டைட்டானியத்தைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கனம். உருக்கி வார்த்தா, நீளமான சட்டம் ஆறும்போது கொஞ்சம் கோணிக்கும். மில்லிங்லயோ லேசர் பிரிண்டிங்லயோ செஞ்சா அந்தப் பிரச்சினை குறையும். டைட்டானியத்தோட விறைப்பு சுமார் 110 கிகாபாஸ்கல், கோபால்ட் குரோம்ல பாதிதான். அதுக்கு மேல பொதுவா அக்ரிலிக் பல் வைப்பாங்க. அது தேயும், உடையும். ஆனா உடைஞ்ச பல்லை மட்டும் சின்னச் செலவுல மாத்திடலாம்.

ஜிர்கோனியா பார்க்க அழகு, தேய்மானம் குறைவு. ஆனா விரிசல் விட்டா ஒட்டுப்போட முடியாது, பெரும்பாலும் முழு செட்டையும் திரும்பச் செய்யணும். பீக்னு ஒரு பிளாஸ்டிக்கும் இருக்கு. எடை ரொம்பக் குறைவு, விறைப்பு வெறும் 4 கிகாபாஸ்கல் அளவு. நீண்ட கால அனுபவம் உலோகங்களுக்கு இருக்கிற அளவுக்கு இதுக்கு இல்ல.

மாசச் சம்பளத்துல ஓடுற வீட்டுக்கு என் ஓட்டு மில்லிங் பண்ண டைட்டானியம் பிளஸ் அக்ரிலிக். ரிப்பேர் வந்தாலும் அந்த மாச பட்ஜெட்லயே சமாளிச்சிடலாம்.

அதுக்கும் முன்னாடி டாக்டர்கிட்ட இன்னொண்ணு கேளுங்க: ரெண்டே இம்ப்ளான்ட், அதுல மாட்டிக் கழட்டுற செட் போதுமா? பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதுதான் முதல் தேர்வா இருக்கணும்னு 2002-ல கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துல கூடின நிபுணர்கள் சொன்னாங்க. செலவு நல்லாவே குறையும். செகண்ட் ஒப்பீனியனுக்கு வேலப்பன்சாவடி சவீதா, முகப்பேர் தாய் மூகாம்பிகை மாதிரி பல் மருத்துவக் கல்லூரிகள் பக்கத்துலயே இருக்கு.

ஹெல்த் இன்ஷூரன்ஸை நம்பாதீங்க. விபத்து தவிர பல் சிகிச்சைக்குப் பெரும்பாலான பாலிசிகள் தராது. 60 வயசான அப்பா அம்மாவுக்குப் பாலிசியே இல்லைன்னா, பழைய வரி முறையில அவங்க மருத்துவச் செலவை வருஷத்துக்கு ரூ.50,000 வரை கழிக்கலாம். கேஷா கொடுத்தா கிடையாது.

பணம் கட்டும்போது இம்ப்ளான்ட் பிராண்ட், சைஸ் எழுதின கார்டு, சட்டத்தோட டிஜிட்டல் டிசைன் ஃபைல், உடைஞ்சா யார் செலவு, எத்தனை வருஷத்துக்குன்னு எழுத்துல ஒரு வரி, இந்த மூணையும் கேட்டு வாங்குங்க. நாளைக்கு அந்த கிளினிக் இடம் மாறினாலும் வேற டாக்டர் அதை வச்சு வேலையைத் தொடரலாம்.