முதல் உதை கடைசியில்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் அந்த ஹோண்டா சி70 ஆறு வருடமாக நின்றிருந்தது. தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் அந்த வீட்டுப் பெரியவர் வாங்கிய மோட்டார். "ஓடும் தம்பி, ஓர் உதை உதைச்சுப் பாருங்க" என்றார். நான் உதைக்கவில்லை. டார்ச் அடித்து இன்ஜின் எண்ணும் சாசி எண்ணும் வண்டிப் பதிவு கிராண்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தேன். எண் பொருந்தாத வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

இரண்டும் பொருந்தின. வண்டியை வாங்கி, பிரிக்பீல்ட்ஸுக்கு லோரியில் ஏற்றி வந்தேன். நெடுநாள் நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவர் காய்ந்திருக்கும். டேங்க் துரு கார்புரேட்டரில் இறங்கக் காத்திருக்கும். ஆசைப்பட்டு உதைக்கும் அந்த ஓர் உதையில் கீறல் விழுந்தால், பிறகு போரிங் செலவுதான். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் கையால் மெல்லச் சுற்றினேன். பிடிக்காமல் சுற்றியது. அந்த நிம்மதி பெரிது.

இந்த இன்ஜினுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய்தான். காகித ஃபில்டர் கிடையாது. வலப்பக்க மூடிக்குள் ஒரு கம்பிவலையும், சுழன்று சுழன்றே அழுக்கைப் பிரிக்கும் ஒரு ரோட்டரும் உண்டு. பலர் எண்ணெயை மாற்றுவார்கள், இந்த மூடியைத் திறக்கமாட்டார்கள். நான் திறந்தபோது ரோட்டருக்குள் கறுப்புக் களிமண் போல் அப்பியிருந்தது. பெரியவரின் அத்தனை வருட ஓட்டமும் அதில்தான் சேர்ந்திருந்தது.

பிறகு ஃப்ளைவீலில் 'டி' குறியைப் பொருத்தி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே வால்வ் இடைவெளி 0.05 மில்லிமீட்டர். அடுத்து பாயிண்ட், 0.3 முதல் 0.4 வரை. இரண்டும் சரியான பிறகே கார்புரேட்டர். இந்த வரிசையை மாற்றினால் இல்லாத கோளாறைத் தேடி ஒரு வாரம் அலையலாம். ஜெட் துளையில் கம்பி விடவேண்டாம், துளை பெரிதாகிவிடும். காற்று அடித்தால் போதும். 6 வோல்ட் விளக்கு மங்கலாக எரிந்ததும் 12 வோல்ட்டாக மாற்றச் சிலர் சொன்னார்கள். எர்த் முனைகளைச் சுரண்டித் துடைத்தேன், வெளிச்சம் வந்தது. டயரில் ரப்பர் கட்டை உயரமாகவே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் நான்கு இலக்கம் 2209, அதாவது 2009இன் 22ஆவது வாரம். இரண்டு டயரையும் மாற்றினேன். இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

சி70 சேர்ந்த கப் வகை 1958இல் ஜப்பானில் பிறந்து, 2017இல் உற்பத்தியில் பத்துக் கோடியைத் தொட்டது. வணிகர் லோ பூன் சியூ அதை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். நம் வாயில் அது கப்சாய் ஆனது. தோட்டத்து லயத்திலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் சுமந்தது இதுதான். அதனாலேயே இதற்குப் புதுச் சாயம் அடிக்க எனக்கு மனமில்லை.

மூன்றாம் உதையில் பிடித்தது. ஞாயிறு காலை கோத்தா டாருல் ஏசான் வளைவைத் தாண்டி, கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்தில், ஐம்பதைத் தாண்டாமல் கிள்ளான் வரை போனேன். பெரியவர் வாசலுக்கு வந்தார். ஒன்றும் பேசாமல், தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"செயின் மூடியில தட்டுது தம்பி. பின்சக்கரத்தைக் கொஞ்சம் இழுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்பேனர் எடுக்க உள்ளே போனார்.