விமானம் மாறும் வேளையில் ஒரு நகர் உலா

வெளிநாடு செல்லும் விமானங்கள் எல்லாம் நம்மை ஒரே மூச்சில் ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. சென்னையிலிருந்து ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் புறப்படும் பெற்றோர், வழியில் சிங்கப்பூரில் இறங்கி வேறு விமானம் ஏற நேரிடலாம். இவ்வாறு காத்திருக்கும் நேரத்தை 'டிரான்சிட்' என்பர். சிலருக்கு அது இரண்டு மணி நேரம்; சிலருக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம். அத்தனை நேரமும் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக் கழிக்கத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. வெளியே சென்று அந்நகரைக் கண்டு திரும்பலாம். ஆனால் 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது இங்கும் பொருந்தும். திட்டமிடாத உலாவுக்கும் ஒரு திட்டம் வேண்டும். சிங்கப்பூரையே எடுத்துக்காட்டாகக் கொண்டு அதைப் பார்ப்போம்.

முதலில் கேட்க வேண்டியது, 'வெளியே செல்ல அனுமதி உண்டா?' என்பதே. விமானம் மாறுவதற்கு மட்டும் உள்ளேயே இருப்பது வேறு. குடிநுழைவுச் சோதனையைக் கடந்து நாட்டுக்குள் நுழைவது வேறு. இந்தியக் குடிமக்கள் சிங்கப்பூருக்குள் நுழைய விசா வேண்டும். வேறு சில நாடுகளின் விசா வைத்திருப்போருக்கு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 96 மணி நேரம் வரை விசா இன்றித் தங்கச் சலுகை உண்டு. எனினும் இறுதி முடிவு குடிநுழைவு அதிகாரியின் கையில். உள்ளே நுழைவோர் வருகை அட்டை ஒன்றையும் முன்னதாகவே நிரப்பி அனுப்பிவிட வேண்டும். ஆகையால் இவற்றை வீட்டிலிருந்து புறப்படுமுன்பே விசாரித்து வைப்பது நன்று.

இரண்டாவது, பெட்டிகள். இரு விமானங்களுக்கும் ஒரே பயணச்சீட்டாக இருந்தால், பெரும்பாலும் பெட்டிகள் தாமாகவே அடுத்த விமானத்துக்குப் போய்விடும். தனித்தனிச் சீட்டானால் நாமே எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். கைப்பையைப் பாதுகாப்பறையில் கட்டணம் செலுத்தி வைத்துவிட்டு, பாஸ்போர்ட்டையும் பணத்தையும் மட்டும் உடன் கொண்டு செல்லலாம்.

மூன்றாவது, கைக்கடிகாரம். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. சீட்டில் அச்சிட்டிருப்பது அந்தந்த ஊரின் நேரம். கடிகாரத்தை மாற்றாமல் ஊர் சுற்றுபவர், 'இன்னும் நேரம் இருக்கிறதே' என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே விமானம் பறந்துவிடும்! ஆகவே இறங்கியதும் முதல் வேலை, முள்ளைத் திருத்துவதே.

இனி, மிக முக்கியமான கணக்கு. நேரத்தை முன்னிருந்து எண்ணாமல் பின்னிருந்து எண்ண வேண்டும். காலை 8 மணிக்கு இறங்குகிறோம். அடுத்த விமானம் மாலை 6 மணிக்கு என்று கொள்வோம். பத்து மணி நேரம் கையில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் 3 மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அதற்கு 2 மணிக்கு நகரிலிருந்து கிளம்ப வேண்டும். காலையில் சோதனைகள் முடிந்து வெளிவர 9.30, நகரை அடைய 10.30. ஆக, பத்து மணி நேரத்தில் நமக்கென்று எஞ்சுவது மூன்றரை மணி நேரமே. ஆறு மணி நேரத்துக்கும் குறைவாக இடைவேளை உள்ளவர்கள் வெளியே போகாதிருப்பதே மேல்.

இந்த மூன்றரை மணியில் எதைப் பார்ப்பது? ஊரையே பார்த்துவிட ஆசைப்படக் கூடாது. 'அகல உழுவதைவிட ஆழ உழு' என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்து கொண்டு நடந்து பார்ப்பதே சிறந்தது.

சாங்கி விமான நிலையம் 1981-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நகரின் மையம் அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். நிலையத்துக்கு அடியிலேயே ரயில் உண்டு. தானா மேரா நிலையத்தில் வண்டி மாறி, 'சிட்டி ஹால்' நிலையத்தில் இறங்கலாம். தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளுள் ஒன்று. ஆதலால் அந்நிலையத்தின் பெயர் 'நகர மண்டபம்' என்று தமிழிலும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். பிற நாட்டு மண்ணில் நம் எழுத்தைக் காணும்போது மனம் குளிராதா?

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால், விக்டோரியா தெருவில் பழைய கான்வென்ட் கட்டடம் ஒன்று உண்டு. 1854-இல் மதர் மத்தில்டின் தலைமையில் கன்னியர் சிலர் வந்து தொடங்கிய பெண்கள் பள்ளி அது. அதன் மதிலில் ஒரு சிறு கதவு. வளர்க்க வழியற்றோர் தம் பச்சிளங் குழந்தைகளை அங்கே விட்டுச் செல்வராம். கன்னியர் அவர்களை எடுத்து வளர்த்தனர். அதனால் அதற்கு 'நம்பிக்கை வாசல்' என்று பெயர். பள்ளி 1983-இல் வேறிடம் சென்றுவிட்டது. இன்று அங்கே உணவகங்களும் கடைகளும் நடைபெறுகின்றன. எனினும் கதவு அப்படியே இருக்கிறது. எதிரே 1847-இல் கட்டி முடிக்கப்பட்ட நல்லாயன் பேராலயம். சிங்கப்பூரின் மிகப் பழமையான கத்தோலிக்க ஆலயம் அதுவே. பின்னர் ஆற்றங்கரை நோக்கி நடந்தால், 1869-இல் அமைந்த கேவனா பாலத்தைக் கடந்து, சிங்க முகமும் மீன் உடலும் கொண்ட 'மெர்லயன்' சிலையை அடையலாம். அதன் வாயிலிருந்து நீர் பீறிட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு குடை அவசியம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஊராதலால் நினைத்த வேளையில் மழை கொட்டும். சூயிங்கம் கொண்டு செல்ல வேண்டாம்; 1992 முதல் அதைக் கொண்டு வருவதற்குத் தடை உண்டு.

மணி இரண்டாகிவிட்டதா? பார்க்காதது எவ்வளவு மீதம் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். குறித்த நேரத்தில் திரும்பத் தெரிந்தவருக்கே துணிந்து வெளியே செல்லும் உரிமை உண்டு. தோழியரே, நாளை நீங்கள் மேற்படிப்புக்கோ வேலைக்கோ கடல் கடந்து செல்லும்போது, வழியில் ஓர் அயல்நகர் உங்களுக்குச் சில மணி நேரம் கதவைத் திறக்கலாம். கணக்கைச் சரியாகப் போட்டுக்கொண்டு, கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு செல்லுங்கள். காத்திருந்த நேரமும் கற்ற நேரமாகும்.